மூன்று முறை லைட் அடித்தால் திறக்கும் கேட்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து ரிலே ஒருத்தர்தான். இன்னொருத்தர் இருந்திருந்தால் இரண்டு மாவட்டமும் தாங்கியிருக்காது.

ரிலே என்பது அவருடைய பட்டப்பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்தது. ஆனால் ரேஷன் கடைக்காரரே அதைப் படிக்காமல் ‘ரிலே அண்ணன் கார்டு’ என்று சொல்லித்தான் எடுத்து வைப்பார். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். வேப்பந்தட்டை பக்கத்துக் கிணறுகளில் வெந்து கருகிய மோட்டார்கள் எல்லாம் அவர் கடை வாசலில் ஆஸ்பத்திரி வரிசை மாதிரி காத்துக் கிடக்கும்.

ரிலே என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி. அதற்கு ஒரு துளி கரண்டைக் காட்டினால் ‘டிக்’ என்று சத்தம் வரும். உடனே எங்கோ ஒரு பெரிய கரண்டு ஓட ஆரம்பிக்கும், அல்லது ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோகும். அந்தப் பெட்டியின் வேலை அவ்வளவுதான். அண்ணன் பார்வையில், அதைப் போட்டுத் தீராத பிரச்சினை உலகத்தில் கிடையாது. அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக டாக்டர் சொன்னபோது, “ஏறுனா தானா கட் ஆவற மாதிரி உள்ள ஒண்ணு வச்சு வுட முடியாதுங்களா?” என்று கேட்டாராம். டாக்டர் சிரிக்கவில்லை, பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார் என்று கேள்வி.

நான் அப்போது அரியலூரில் ஒரு சிமெண்டு வியாபாரியிடம் பில் போடும் வேலையில் இருந்தேன். குடியிருந்தது பெரம்பலூரில், குரும்பலூர் போகும் ரோட்டில், ரிலே அண்ணன் வீட்டு மாடியில். தினமும் பஸ்ஸில் போய்வருவேன். குடிவந்த முதல் வாரமே அந்த வீடு யாருடையது என்று புரிந்துவிட்டது. பாத்ரூமில் பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தால் லைட் அணைந்துவிடும். கேட்டதற்கு, “பத்து நிமிசத்துக்கு மேல அங்க என்ன தம்பி வேல?” என்றார். மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை வாசலில் காலிங் பெல்லை அழுத்தினால், அது கீழே அடிக்காது, என் அறையில் அடிக்கும். அந்த நேரம் அண்ணன் தூங்குகிற நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் எழுந்து போய், “அண்ணன் தூங்குறாருங்க” என்று சொல்லியனுப்புவேன்.

இத்தனையையும் சகித்துக்கொண்டு அந்த வீட்டில் வாழ்ந்தவர் அவர் மனைவி. வேப்பந்தட்டை தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். எனக்கு டீச்சரக்கா. அண்ணனுக்கும் டீச்சர்தான், கட்டிய மனைவியை அவர் வேறு எப்படியும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தினமும் சாயங்காலம் டீச்சரக்கா பஸ்ஸில் வந்து பெரம்பலூரில் இறங்குவார். அண்ணன் தன்னுடைய பழைய பைக்கோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பார். இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்கு வருவார்கள்.

அந்த வீடு ரோட்டை விட இடுப்பளவு உயரம். ரோட்டிலிருந்து கேட் வரைக்கும் சிமெண்டுச் சரிவு. சரிவில் வண்டியை நிறுத்தி, டீச்சரக்கா இறங்கி, கனமான இரும்பு கேட்டைத் தள்ளித் திறந்தால்தான் வண்டி உள்ளே போகும். பல வருடமாக அப்படித்தான் நடந்தது.

ஒரு ஐப்பசி மாதம், நல்ல மழை. சரிவில் வண்டியை நிறுத்திய அண்ணன், “எறங்காத டீச்சர், சேறா கெடக்கு. பொடவ வீணாயிரும். நானே தொறக்குறேன்” என்றார். டீச்சரக்காவைப் பின்சீட்டிலேயே உட்கார வைத்து, சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, கேட்டை நோக்கி மூன்று அடி வைத்திருப்பார். பாசி பிடித்த சிமெண்டில் ஸ்டாண்டு வழுக்கியது. சத்தம் கேட்டு நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தபோது வண்டி ரோட்டில் கிடந்தது. டீச்சரக்கா சேற்றில் உட்கார்ந்து வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு கையில் கேட் கொண்டியோடு அப்படியே நின்றிருந்தார்.

மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. ஒன்றரை மாதம் மாவுக்கட்டு. அக்கா லீவு போடவில்லை. இடது கையால் போர்டில் எழுதினார், பிள்ளைகள் அந்தக் கோழிக்கிறுக்கலைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

அண்ணனை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அண்ணன் பிழைத்திருப்பார். “இனிமே நான் பஸ்ஸு, ஷேர் ஆட்டோன்னு வந்துக்குறேன்” என்று மட்டும் சொன்னார். கட்டைப் பிரித்து, கை தேறி, பழையபடி சப்பாத்தி தேய்க்க ஆரம்பித்த பிறகும் வண்டியில் ஏறவில்லை.

அண்ணனோ சாயங்காலமானால் வழக்கம்போல பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார். அக்கா இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறுவார். ஆட்டோ கிளம்பும். அதன் பின்னால், காலி சீட்டோடு, அண்ணன் மெதுவாக வண்டியை ஓட்டிக்கொண்டு வருவார். ஆட்டோ நின்றால் அவரும் நிற்பார். ஆட்டோவில் இருப்பவர்கள் அக்காவைப் பார்ப்பார்கள், பின்னால் வருகிறவரைப் பார்ப்பார்கள், அப்புறம் தலையைக் குனிந்துகொள்வார்கள். இது மூன்று மாதம் நடந்தது. அந்த மூன்று மாதத்தில் அவர் வாயிலிருந்து ரிலே என்ற சொல் வரவில்லை. தெருவே கவலைப்பட்டது.

பிறகு ஒரு நாள் காலை மாடியேறி வந்தார்.

“தம்பி, உங்க குடோன்ல ஷட்டர் மோட்டார் ஒண்ணு எரிஞ்சுபோய் சும்மா கெடக்குன்னீங்கள்ல?”

“ஆமாண்ணே. இடி வுழுந்ததுல போயிருச்சு. எங்க மொதலாளி தூக்கிப் போடச் சொல்லிட்டாரு.”

“தூக்கிப் போட வேணாம். நான் வரேன்.”

அன்றைக்கே என்னோடு அரியலூர் வந்தார். ரிமோட்டை அழுத்தினால் குடோன் ஷட்டரைத் தூக்கும் பெரிய மோட்டார் அது. சாயங்காலம் அதைப் பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோரச் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டார்.

கண்டக்டர் வந்தார். “என்னங்க இது?”

“மோட்டாருங்க. எங்க வூட்டு கேட்டுக்கு உயிர் குடுக்கப் போவுது.”

“உயிரு இவ்ளோ கனமா இருந்தா லக்கேஜ் போடணுங்களே” என்றார் கண்டக்டர்.

நடுவழியில் ஏறிய ஒரு அம்மா, “இந்த எடம் காலிங்களா?” என்று கேட்டதற்கு, “ஆள் இருக்குங்க” என்று அண்ணன் மோட்டாரைக் காட்டினார். பெரம்பலூர் வரை அவரும் நின்றார், அந்த அம்மாவும் நின்றார். மோட்டார் மட்டும் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது.

மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டி ஒரு வாரத்தில் ஓட விட்டார். கேட்டைக் கழற்றி, தண்டவாளம் மாதிரி கம்பி பதித்து, பக்கவாட்டில் நகர்கிற கேட்டாக மாற்றினார். ரிமோட்டை அழுத்தினால் திறந்தது, இன்னொரு முறை அழுத்தினால் மூடியது. இதோடு விட்டிருந்தால் அவர் ரிலே இல்லை.

“ரிமோட்ட சட்டைப் பையில வச்சுக்கலாம்லண்ணே” என்றேன்.

“பையிலருந்து எடுக்கணும்னா ஹேண்டில்லருந்து கைய எடுக்கணும். கைய எடுக்குற வேலையே இனிமே கெடையாது தம்பி.”

ரிமோட்டைப் பிரித்து உள்ளே இருந்ததை எடுத்தார். அதன் பட்டனுக்குப் பதிலாக ஒரு ரிலேயை வைத்துப் பற்றவைத்தார். அந்த ரிலேயிலிருந்து வந்த ஒயரை பைக்கின் பாஸ் லைட் சுவிட்சில் சேர்த்தார். எதிரே வருகிற பஸ்ஸுக்கு ‘பளிச்’ என்று லைட் அடித்துக் காட்ட, இடது ஆள்காட்டி விரலுக்குக் கீழே இருக்குமே, அந்தச் சுவிட்ச். விரலை மடக்கினால் லைட் எரியும், கூடவே கேட்டும் திறக்கும். அந்தக் காட்சியை முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கை தட்டத் தோன்றியது. ரோட்டில் போன ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆனால் கேட்டுக்கு எந்த லைட் தனக்கானது, எந்த லைட் பஸ்ஸுக்கானது என்று தெரியாது. வீட்டுக்குப் பக்கத்தில் எதிரே வந்த பஸ்ஸுக்கு லைட் அடித்தாலும் கேட் திறந்தது. கடைக்குப் போகிற அவசரத்தில் அண்ணன் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். எதிர்வீட்டு ஆடுகள் ஐந்து இருந்தன. இரண்டே நாளில் அவை விஷயத்தைப் புரிந்துகொண்டன. அண்ணன் வண்டியை ஸ்டார்ட் செய்தாலே கேட் முன்னால் வந்து வரிசையில் நின்றன. டீச்சரக்கா ஆசையாக வளர்த்த செம்பருத்தியும் கனகாம்பரமும் ஒரே வாரத்தில் குச்சியாகிவிட்டன.

“ஆட்டுக்குன்னு ஒரு கேட்டு போட்டுருக்கார் தம்பி உங்க அண்ணன்” என்றார் அக்கா. மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் அண்ணனைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அன்றைக்கே இன்னும் இரண்டு ரிலே போட்டு, தொடர்ந்து மூன்று முறை லைட் அடித்தால்தான் கேட் திறக்கும் என்று மாற்றினார். ஆடுகள் நான்கு நாள் காத்திருந்து பார்த்துவிட்டுக் கலைந்து போயின.

ஆடுகள் கலைந்துபோன அன்று சாயங்காலம் டீச்சரக்கா கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் பிடிக்கக் கீழே வந்திருந்தேன். அண்ணன் வாசற்படியில் நின்று தொண்டையைச் செருமினார்.

“டீச்சர், கேட்டு தயாரு. இனிமே நீ எறங்க வேணாம், நானும் எறங்க வேணாம்.”

“வண்டி நிக்கணுமா?” என்று கேட்டார் அக்கா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“தொறக்குற வரைக்கும் நிக்கணும்ல.”

“எவ்ளோ நேரம்?”

“ஒரு பதினெட்டு எண்ணுற வரைக்கும்.”

“அந்தச் சரிவுல ஒண்ணு எண்ணுற நேரங்கூட வண்டி நிக்கக் கூடாது. நின்னா நான் ஏற மாட்டேன்.” சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பேப்பரை எடுத்தார்.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே மனம் விட்டுப்போயிருக்கும். அண்ணன் என்னைப் பார்த்து, “கேட்டீங்களா தம்பி, நிக்கலன்னா ஏறுறாங்களாம்” என்றார். அவருக்கு மட்டும் அது அப்படிக் கேட்டிருக்கிறது.

மறுநாள் கணக்குப் போட ஆரம்பித்தார். கேட் முழுசாகத் திறக்கப் பதினெட்டு எண்ண வேண்டும். வண்டி சரிவைத் தொடும்போது கேட் திறந்து முடிந்திருக்க வேண்டும். அப்படியென்றால் தெருவின் மூன்றாவது கரண்டு கம்பத்தருகே வரும்போதே லைட் அடிக்க வேண்டும். அவ்வளவு தூரத்துக்கு ரிமோட் எட்டவில்லை. வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஏரியல் மாதிரி ஒரு கம்பியை நட்டார், எட்டியது. ஆனால் பின்சீட்டில் ஆள் இருந்தால் வண்டியின் வேகம் மாறுமே.

“டீச்சர் என்ன எடை இருப்பாங்கன்னு நெனைக்கிறீங்க தம்பி?”

“இந்தக் கேள்விய என்கிட்ட கேக்காதீங்கண்ணே. அவங்ககிட்டயும் கேக்காதீங்க.”

எங்கள் குடோனில் தண்ணீர் பட்டுக் கல்லாகிப்போன சிமெண்டு மூட்டைகள் கிடந்தன. ஒன்றுக்கு நான்கு மூட்டையாக முதலாளியிடம் கேட்டு வாங்கி லாரியில் கொண்டுவந்தார். ஒரு மூட்டையைப் பின்சீட்டில் வைத்து, பழைய புடவையால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். மீதி மூன்று எதற்கென்று நான் கேட்கவில்லை. காலையும் மாலையும் மூட்டையோடு தெருமுனையிலிருந்து வருவார், கம்பத்தருகே லைட் அடிப்பார். வாசலில் நிற்கிறவர்கள் எல்லோரும் சத்தமாக ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். பதினைந்திலேயே வந்து சேர்ந்தால் சுற்றிக்கொண்டு மறுபடி போவார். தூரத்திலிருந்து பார்த்தால் தலையில்லாத ஒரு பெண்ணைக் கூட்டிவருகிற மாதிரி இருக்கும். ரிலே யாரோ ஒருத்தியைப் பின்னால் வைத்துக்கொண்டு சுற்றுகிறார் என்று பள்ளிக்கூடம் வரை பேச்சுப் போயிற்று.

“அந்த மூட்டைக்குக் குடுத்து வச்சிருக்கு” என்றார் டீச்சரக்கா. ஆனால் தினமும் சமையலறை ஜன்னலில் நின்று அவரும் எண்ணிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். உதடு அசைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து ஓட்டத்தில் பத்தும் சரியாக வந்தது. அண்ணன் வேர்த்து விறுவிறுத்து மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தார். “நாளைக்கு ஆட்டோ வேணாம். பஸ் ஸ்டாண்டுலயே நில்லுங்க” என்றார். மோர் சட்டையில் கொட்டியது.

திங்கட்கிழமை நான் முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு முன்னதாகவே வந்துவிட்டேன். வானம் கறுத்துத் தூறல் போட ஆரம்பித்திருந்தது. தெருவில் எல்லோருக்கும் திடீரென்று வாசலில் வேலை வந்திருந்தது. பக்கத்து மாவு மில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தெருமுனையில் வண்டி திரும்பியது. பின்னால் டீச்சரக்கா, மடியில் பை, இடது கை அண்ணன் தோளில். மூன்றாவது கம்பம் வந்தது. பளிச், பளிச், பளிச். கேட் அசைந்து நகர ஆரம்பித்தது. நாங்கள் எண்ண ஆரம்பித்தோம். ஒன்று, இரண்டு, மூன்று.

நான்கில் மாவு மில் நின்றது.

கரண்டு போய்விட்டது. கேட் ஒரு முழம் திறந்தபடி அப்படியே நின்றது.  வண்டி வந்துகொண்டிருந்தது. நான் கையை ஆட்டினேன். அண்ணன் என்னைப் பார்த்தார், ஆனால் பிரேக் பிடிக்கவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை.  அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்போது சுவருக்குப் பின்னாலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து பூமிக்குள் எதுவோ ‘தொம்’ என்று இறங்கியது. கேட் பிய்த்துக்கொண்டு ஓடியது. அத்தனை நாள் எண்ணிய எண்ணிக்கையெல்லாம் வீண், அவ்வளவு வேகம். வண்டி சரிவில் ஏறி, நிற்காமல், தடுமாறாமல், உள்ளே போய் மாமரத்தடியில் நின்றது.

நான் படியிறங்கி ஓடினேன். சுவருக்குப் பின்னால் கிணறு மாதிரி ஒரு குழி. அதற்குள் கம்பி வடத்தில் மீதி மூன்று சிமெண்டு மூட்டைகளும் தொங்கிக்கொண்டிருந்தன. கரண்டு இருக்கும்வரை ஒரு காந்தம் அவற்றை மேலே பிடித்து வைத்திருக்கும். கரண்டு போனால் ஓரிரு நொடியில் ரிலே மோட்டாரின் பிடியையும் காந்தத்தின் பிடியையும் ஒன்றாக விட்டுவிடும். மூட்டைகள் கீழே இறங்கும், கேட்டை இழுத்துத் திறக்கும். யாரிடமும் சொல்லாமல் செய்து வைத்திருந்தார்.

டீச்சரக்காவும் வந்து குழியை எட்டிப் பார்த்தார்.

“அப்ப கரண்டு போற நேரமெல்லாம் இது தானா தொறந்துக்குமா?”

“ஆமா டீச்சர்.”

“நாம வூட்ல இல்லாதப்பயும்?”

“ஆமா.”

“திருடன் வந்தா?”

“வந்துட்டுப் போறான். நீ வுழக் கூடாது.”

அக்கா தோளில் இருந்த பையை எடுத்து, வலது கையால் அவரிடம் நீட்டினார். “நனையுது பாருங்க, உள்ள கொண்டாங்க” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். அண்ணன் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மழையிலேயே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, “தம்பி, பாத்தீங்களா, எட்டுலயே தொறந்துருச்சு” என்றார்.

அதன் பிறகு பல பேர் வந்து பார்த்தார்கள். ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்டு ஆலையில் வேலை பார்க்கும் இன்ஜினியர் ஒருவர், மோட்டார் விஷயமாக வந்தவர், அரைமணி நேரம் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். “இத யாரு வரைஞ்சு குடுத்தாங்க?” என்று கேட்டார்.

“யாரும் வரையலிங்க. டீச்சர் வுழுந்தாங்க” என்றார் அண்ணன்.

இன்ஜினியர் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

தங்கள் வீட்டுக்கும் ஒன்று செய்து தரச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. அண்ணன் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார். “உங்க வூட்ல யாராச்சும் வுழுந்தாங்களா?” இல்லை என்பார்கள். “அப்ப எறங்கித் தொறங்க” என்று அனுப்பிவிடுவார்.

எனக்குக் கல்யாணமாகி அரியலூரிலேயே வீடு பார்த்து வந்து சில வருடமாகிறது. மாதம் ஒரு தடவை அண்ணன் போன் செய்வார். சௌக்கியமா, சாப்பிட்டாச்சா என்றெல்லாம் அவருக்குக் கேட்கத் தெரியாது. “வூட்ல எல்லாம் ஓடுதா?” என்பார். போன வாரமும் அப்படித்தான் கேட்டார்.

“ஃபேன் ஒண்ணு சத்தம் போடுதுண்ணே.”

“தொடாதீங்க. ஞாயித்துக்கெழம நானும் டீச்சரும் வரோம்” என்று வைத்துவிட்டார்.

என் மனைவி அண்ணாந்து பார்த்தாள். எங்கள் வீட்டு ஃபேன்கள் எல்லாம் புதுசு. எதிலிருந்தும் ஒரு சத்தமும் வரவில்லை.